அறளையும் அறிவும்

எமது ஊர்களிலே வழங்கும் சொற்களுள் ‘அறளை பெயர்தல்’ என்பது ஒன்று. முதுமையினால் நினைவு குலைந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லியும், உண்ட பின்னரும் உண்ணவில்லையென வாதாடியும், பெற்ற பிள்ளையையே யாரென வினவியும் நிற்கும் ஒருவரைக் குறித்து, ‘அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது’ என்று கூறிவிட்டு நாம் அப்பாற் செல்கின்றோம். அச்சொல்லைக் கூறும்போது எம் வாயில் ஒரு சிறுநகை தோன்றுவதும் உண்டு. சிறுவர்களோ அதனை ஒருவரையொருவர் ஏசுவதற்கே வைத்திருக்கின்றனர். ஒரு நோயின் பெயர் நகைப்புக்குரிய சொல்லாய் வழங்குமளவும் அந்நோயைப் பற்றி ஆறியிருந்து சிந்திப்பார் இலர். அங்ஙனம் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இன்று யான் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. சில மாதங்களுக்கு முன்னர், எனக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்த ஆசிரியப் பெருந்தகையைக் காணச் சென்றிருந்தேன். அவருக்கு வயது எண்பத்து நான்கு. நிகண்டு முழுவதையும் ஏடு பாராமற் சொல்ல வல்லவர். நன்னூற் சூத்திரம் ஒன்றன் முதற்சீரைச் சொன்னால் அதன் உரையோடும் உதாரணத்தோடும் விடை பகர்ந்தவர். கந்தபுராணத்திலே எந்தப் படலத்தில் எந்தச் செய்யுள் வரும் என்பதை விரலிட்டுக் காட்டியவர். விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த அவர் என்னைச் சிறிது நேரம் உற்றுநோக்கி, “தம்பி எவ்விடம்? ஆற்றை பிள்ளை?” என்று வினவினார். “இவர் உங்களிட்டைப் படிச்சவரெல்லோ” என்று அம்மா உரத்த குரலிற் சொன்னார். அவர் முகத்திலே நாணமும் அச்சமும் ஒருங்கே தோன்றி மறைந்தன. அந்த முகத்தை யான் இன்னும் மறந்திலேன்.

யாது செய்வதென்று அறியாது, அவர் எமக்கு முதன்முதற் கற்பித்த செய்யுள் ஒன்றன் முதலடியை மெல்லச் சொன்னேன். அவர் எஞ்சிய அடிகளைப் பிழையின்றி முடித்தார். அடுத்த செய்யுளையும் சொன்னார். யான் வேண்டுமென்றே ஒரு சீரைப் பிறழச் சொன்னபோது, முன்னாளிற்போலவே புருவத்தை நெரித்துத் திருத்தினார். பின்னர் மீண்டும், “தம்பி எவ்விடம்?” என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு வினா என்னை அலைத்தது. கல்வியே மனத்துக்கு மருந்து என்றும், மனனம் செய்தவன் மதி மங்கான் என்றும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகின்றவன் யான். அங்ஙனமாயின் கல்விக் கடலாய் விளங்கிய இவருக்கு இந்நிலை வந்தது எங்ஙனம்? யாம் சொல்லிவந்தது பொய்யோ? பொய்யன்றாயின் அதன் உண்மை எவ்வளவினது? என் வயதும் ஐம்பத்தாறைக் கடந்துவிட்டது. சென்ற தவணையிலே, பலமுறை கற்பித்த ஒரு பாடலின் மூன்றாம் அடி வகுப்பு நடுவே என் நாவில் வராது நின்றபோது, மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்து அதனை எடுத்துக் கொடுத்தார். ஆதலின் இவ்வினா எனக்குப் புறத்தே நின்ற வினா அன்று.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். மறதியெல்லாம் நோயன்று. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் எனத் தேடுவதும், ஒருவர் பெயர் உடனே வாராது சற்றுப் பின்னர் வருவதும் வயதோடு வரும் இயல்பான தளர்ச்சி. அக்கண்ணாடி எதற்கு உரியது என்பதை மறப்பதும், பன்னாள் நடந்த ஒழுங்கையிலே வீட்டுக்கு வழி தெரியாது நிற்பதும், இதுவரை செய்துவந்த கணக்கு வழக்கு கைநழுவிப் போவதுமே அஞ்சத்தக்க குறிகள். செருமானிய வைத்தியரான அலோய்ஸ் அல்சைமர் என்பார், இத்தகைய குறிகளோடு வாழ்ந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதிற் கண்ட மாறுதல்களை 1906ஆம் ஆண்டிலே வைத்தியர் சபையொன்றில் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அந்நோய் இன்று வழங்குகின்றது. மறதிநோய்கள் பலவற்றுள் மிகுதியாய்க் காணப்படுவது அதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டிலே உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடையராய் இருந்தனர். அவருள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் எம்மையொத்த செல்வம் குறைந்த நாடுகளில் வாழ்பவர்கள். எமது நாட்டிலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதே நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அத்தொகை அதன் பின்னர் வளர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை.

இனி, நினைவைப் போற்றுவதிலே தமிழருக்கு உள்ள பழைமையை நோக்குவோம். ஏடும் எழுத்தாணியும் அருமையாய் இருந்த காலத்திலே நெஞ்சே நூல்நிலையமாய் இருந்தது. எதுகையும் மோனையும் செவிக்கு இன்பம் தருதற்கு மட்டும் அமைந்தனவல்ல. அடுத்த அடியை நெஞ்சுக்கு எடுத்துக் கொடுத்தற்கும் அமைந்தன. ஒரு செய்யுளின் முடிவு அடுத்த செய்யுளின் முதலாகும் அந்தாதி, நினைவுக்கு இட்ட சங்கிலியன்றி வேறென்ன? நிகண்டுகள் செய்யுளாய் யாக்கப்பட்டமையும் அதன்பொருட்டே. எண்சுவடி வாய்பாடாய் ஒலித்ததும் அதன்பொருட்டே. இக்கலையின் உச்சியிலே நின்றவர்கள் அவதானிகள். ஒரே வேளையில் பலர் தொடுக்கும் வினாக்களையும், இடையிடையே ஒலிக்கும் மணியோசையின் எண்ணிக்கையையும், முதுகில் வீழும் நெல்லின் தொகையையும் மனத்திற்கொண்டு முறை பிறழாது விடையிறுத்தல் அவர்கள் வித்தை. எமது வடமராட்சிப் புலோலியிலே தோன்றித் தமிழகத்தில் புகழ் நாட்டிய நா. கதிரைவேற்பிள்ளையையும், கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரையும் ‘சதாவதானி’ என்னும் அடைமொழியின்றி ஒருவரும் சொல்வதில்லை.

இத்தகைய பயிற்சி மூளையை உண்மையில் மாற்றுகின்றதா? மாற்றுகின்றது என்பதற்கு இக்காலத்து ஆராய்ச்சி சான்று தருகின்றது. இலண்டன் மாநகரிலே வாடகை வண்டி ஓட்ட விரும்புவோர் ஏறக்குறைய 25,000 தெருக்களை நெஞ்சில் நிறுத்திப் பரீட்சையிலே தேறல் வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அவர்களது மூளையிலே நினைவுக்கும் வழியறிவுக்கும் உரியதாகிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் ஏனையோரினும் பருத்திருத்தலை எலினர் மக்குவயர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 2000ஆம் ஆண்டிலே கண்டனர். பிறப்பிலேயே அங்ஙனம் இருந்ததோ என ஐயுறுவார்க்கு 2011ஆம் ஆண்டிலே விடை கிடைத்தது. பயிலத் தொடங்கு முன்னரும் பயின்று முடிந்த பின்னரும் அளந்தபோது, தேறியவர்களிடத்தே அப்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களிடத்தே வளரவில்லை. யசுர்வேதத்தைச் சிறுபருவந்தொட்டு ஓதிய வேதியர் 21 பேரையும் அங்ஙனம் ஓதாதார் 21 பேரையும் இந்தியாவிலே ஒப்புநோக்கிய யேம்ஸ் ஹார்ட்செல் என்பாரும், ஓதியவர்களின் மூளையிலே நினைவுக்குரிய இடங்கள் பருத்திருத்தலைக் கண்டார். ஆயினும் இவ்விரண்டாவது ஆராய்ச்சி ஒரு காலத்தில் எடுத்த அளவை மட்டுமே கொண்டது. அது ஓதியதன் பயன் என்று முடிந்த முடிபாகக் கூறல் பொருந்தாது.

மூளை பருத்தல் வேறு. முதுமையில் நோய் அணுகாதிருத்தல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் உளர். அதனைத் தெளிவிப்பது அமெரிக்காவிலே கன்னியர் மடங்களில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி. டேவிட் சினோடன் என்பார் 1986ஆம் ஆண்டிலே அதனைத் தொடங்கினார். உணவும் உறையுளும் வாழ்க்கை முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே உடைய 678 கன்னியர் அதற்கு உடன்பட்டு, தம் இறப்பின் பின்னர்த் தம் மூளையையும் ஆராய்ச்சிக்கு அளித்தனர். அவருட் சிலருடைய மூளையிலே அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்து கிடந்தன. எனினும் அவர்கள் இறக்குமளவும் அறிவு மயங்காதவராய், தம் பணிகளைத் தாமே செய்தவராய் வாழ்ந்திருந்தனர். வேறு சிலர் குறைந்த அடையாளங்களோடேயே நினைவிழந்தனர். இளமையிலே மடம் புகுந்த காலத்தில் அவர்கள் எழுதிய தன்வரலாறுகளை எடுத்து நோக்கியபோது, கருத்துச் செறிவுபட எழுதியவர்களிடத்தே முதுமையில் நோய் குறைந்தும், செறிவின்றி எழுதியவர்களிடத்தே மிகுந்தும் காணப்பட்டது.

இதற்கு அறிஞர் கூறும் விளக்கம், கற்றவரிடத்தே ஒரு சேமிப்பு உண்டு என்பது. எமது ஊர் ஒழுங்கைகளைக்கொண்டு இதனை விளக்கலாம். மாரியிலே வெள்ளம் ஓர் ஒழுங்கையை மறித்துவிட்டால், அவ்வொன்றையே அறிந்தவன் வீடு சேரான். ஐந்தாறு ஒழுங்கைகளை அறிந்தவன் சுற்றியாயினும் சேர்வான். வெள்ளம் இருவருக்கும் ஒன்றே. கல்வியும் பயிற்சியும் வெள்ளத்தைத் தடுப்பனவல்ல. வேறு வழிகளை அமைத்துக் கொடுப்பன. வெள்ளம் மேன்மேலும் பெருகி எல்லா ஒழுங்கைகளையும் மூடிவிட்டால் வழி பல அறிந்தவனும் நிற்கவே நேரும். என் ஆசிரியருக்கு நிகழ்ந்தது அதுவே எனக் கருதுகின்றேன். அவருக்கு நோய் வெளிப்பட்டது எண்பது வயதின் பின்னர். எழுபதிலே வந்திருக்க வேண்டியதனை அவர் கற்ற கல்வி பத்து ஆண்டுகள் வாயிலில் நிறுத்தி வைத்ததோ, யார் அறிவார்?

ஆகவே, எத்தகைய பயிற்சி அவ்வழிகளை அமைக்கும் என்பதே அடுத்த வினா. இங்கே எம்மையொத்த பண்டிதர்கள் விரும்பாத விடையொன்று கிடைக்கின்றது. அமெரிக்காவிலே 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் கொண்டு நிகழ்த்திய பெருஞ்சோதனையொன்றில், ஒரு சாரார்க்கு நினைவுப் பயிற்சியும், ஒரு சாரார்க்கு ஆய்ந்து உணரும் பயிற்சியும், ஒரு சாரார்க்குக் கண்டதை விரைந்து கொள்ளும் பயிற்சியும் அளித்தனர். பத்து ஆண்டுகளின் பின்னர் நோக்கியபோது பின்னைய இரு பயிற்சிகளின் பயனும் எஞ்சியிருந்தது. நினைவுப் பயிற்சியின் பயன் எஞ்சவில்லை. அன்றியும் ஒவ்வொரு பயிற்சியும் தான் பயின்ற துறையிலேயே பெரிதும் பயன் தந்தது. சொற்பட்டியலை மனனம் செய்தவன் சொற்பட்டியலிலே வல்லனானான். சட்டைப்பையில் வைத்த திறப்பை மறவாதவன் ஆனானல்லன். என் ஆசிரியர் செய்யுளை மறவாது என்னை மறந்தமைக்கும் இது ஒருவாறு ஒத்திருக்கின்றது. இளமையில் ஆழப் பதிந்தது நீடிக்கும்; புதிதாய்ப் பதிவதே முதலில் அழியும்.

நியூயோர்க் நகரிலே 75 வயதைக் கடந்த 469 பேரைச் சராசரி ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கி 2003ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சியோ, வாசித்தல், பலகை விளையாட்டுக்கள், இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டாரிடத்தே மறதிநோய் குறைந்திருந்ததெனக் கூறுகின்றது. ஆயினும் ஈடுபட்டமையால் நோய் குறைந்ததோ, நோய் உள்ளே அரும்பத் தொடங்கியமையால் ஈடுபாடு குறைந்ததோ என்னும் ஐயம் அங்கே முழுவதும் நீங்கவில்லை. கற்றார் இவ்வையத்தை மறைத்தல் கூடாது. எனினும் இவ்வாராய்ச்சிகள் பலவற்றையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து மூன்று பண்புகள் புலனாகின்றன: செய்யுந் தொழில் புதிதாய் இருத்தல் வேண்டும், சற்றே கடினமாய் இருத்தல் வேண்டும், கூடுமானவரை பிறரோடு கூடிச் செய்வதாய் இருத்தல் வேண்டும்.

இவ்வளவைகொண்டு என்னை யானே அளந்து பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக அதே பாடநூல், அதே உரை, அதே உதாரணம். என் நா பேசும், மனம் உறங்கும். இதனை அறிவு முயற்சி என்று யான் கருதியிருந்தமை நகைப்புக்குரியது. வண்டிமாடு பழகிய தடத்திலே வண்டிக்காரன் உறங்கவும் வீடு சேரும். அதனாலே அது வழி கற்றது என்போமா? ஆதலின் இவ்வாண்டு தொடக்கத்தில் சிங்கள மொழியைப் பயிலத் தொடங்கினேன். பண்டிதர் ஒருவர் அரிவரிப் பிள்ளைபோல் எழுத்தை வளைத்து வளைத்து எழுதுவதைக் கண்டு என் பேரன் கைகொட்டிச் சிரிக்கின்றான். சிரிக்கட்டும். ‘ந’கரத்தையும் ‘ன’கரத்தையும் பிறருக்குத் திருத்திய என் பிழைகளை அவ்வெழுத்துக்களிலே இன்னொருவர் திருத்தும்போது, இருபது வயதிலே அறிந்த ஒரு விழிப்பினை மீண்டும் உணர்கின்றேன்.

இரு மொழி அறிதலின் பயன் குறித்து ஐதராபாத்திலே நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று எமக்கு அண்மையது. சுவர்ணா அல்லாடி என்னும் வைத்திய அறிஞரும் துணைவரும் மறதிநோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டிலே வெளியிட்ட முடிபின்படி, இருமொழி வழங்குவார்க்கு நோய் ஒருமொழியாளரினும் நாலரை ஆண்டுகள் பிந்தியே வெளிப்பட்டது. எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டமை குறிப்பிடத்தக்கது. பிறநாடுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அனைத்தும் இதற்கு இயைபுடையனவல்ல. ஆயினும், அயலாரின் மொழியைக் கற்பதனால் நினைவு நிலைத்தாலும் நிலையாவிட்டாலும், அயலாராவது நிலைப்பர். அது நட்டமுள்ள முயற்சியன்று.

கற்றலின் மறுபாதி கற்பித்தல். நன்னூலாசிரியர் பவணந்தியார் தம் பொதுப்பாயிரத்திலே ஒரு கணக்குக் கூறுகின்றார். ஆசிரியன் சொன்னதை நன்கு கேட்பினும் மாணாக்கன் பெறுவது காற்கூறு. உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதனாற் பெறுவது இன்னொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறும் தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இளைஞருக்குச் சொன்ன இவ்விதி இன்று முதியோர்க்கே பெரிதும் பொருந்துகின்றது. ஓய்வு பெற்ற நாளோடு நாம் அந்த அரைக்கூற்றை இழக்கின்றோம். உடன் பயின்றார் ஒவ்வொருவராய் மறைய, அந்தக் காற்கூறும் போகின்றது. பின்னர் எஞ்சுவது சாய்மனைக் கதிரையும் தொலைக்காட்சிப் பெட்டியுமே. வகுப்பறையிலே நாற்பது ஆண்டுகள் நின்ற ஓர் ஆசிரியரை ஓய்வூதியம் தந்து வாயடைத்து இருத்துவதைப்போல அவர் அறிவுக்குத் தீங்கு செய்வது பிறிதில்லை.

எமது முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். கோயில்களிலே நிகழ்ந்துவந்த புராணபடனத்தை நினைந்து பாருங்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். ஒருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். சூழவிருந்த முதியோர் வெறுங்கேட்பவர்களாய் இருந்தாரல்லர். பயன் சொல்பவர் ஒரு சொல்லுக்குப் பொருள் பிறழக் கூறினால், தூணோரத்திலிருந்து ஒரு குரல் எழும். வாதம் நிகழும். அடுத்த நாள் வாதத்திற்கு வீட்டிலே ஏடு புரட்டப்படும். கற்றல், உடன்பயிலல், எடுத்துரைத்தல் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே நிகழ்ந்தன; முதியவரை வீட்டைவிட்டு நடந்துவரச் செய்த நன்மையும் உடன்சேர்ந்தது. நோயைத் தடுக்கும் எண்ணத்தோடு எவரும் அதனை ஏற்படுத்தவில்லை. எனினும் இன்று மேனாட்டு அறிஞர்கள் முதியோர்க்கு வேண்டுமென விதிப்பனவற்றுள் பெரும்பாலான அதனுள் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம். இன்று பல கோயில்களில் அது பெயரளவில் நிகழ்கின்றது. சில கோயில்களில் ஒலிபெருக்கி அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது.

படிப்பில்லாதார் யாது செய்வது என வினவலாம். மனத்தொழில் ஏட்டில் மட்டும் உள்ளதன்று. முந்நூற்று நான்கு ஆடும் நால்வரைக் காணுங்கள். எவர் கையில் எது இருக்கும், எது இறங்கிவிட்டது, துரும்பு யாது என்று கணிக்கும் கணிப்பு எளியதன்று. காசு வைத்து ஆடாதவரையில் அதனைப் பழித்தல் வேண்டா. தாயமும் சதுரங்கமும் அத்தகையனவே. கோலம் இடுதலும், பாய் பெட்டி இழைத்தலும், பேத்திக்குப் புதிதாய் ஒரு கதை கட்டிச் சொல்லுதலும், பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புதலும் மனத்துக்கு வேலையே. நிரப்பியது எளிதாகிவிட்டால் அடுத்த படிக்கு ஏறல் வேண்டும் என்பது ஒன்றே விதி.

மனத்தை மட்டும் ஓம்பினால் அமையாது. வள்ளுவனார் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்தார். செவி அறிவின் வாயில் என்பதை அவர் அறிந்திருந்தார். நாமோ செவி மந்தமாயினாரை ஏளனம் செய்கின்றோம். மந்தமானாரும் அதனை மறைக்கின்றனர். லான்செற் என்னும் மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கு இடமளிக்கும், மாற்றக்கூடிய ஏதுக்கள் 14 எனக் கணக்கிட்டது. குறைந்த கல்வி, செவிப்புலன் இழப்பு, பார்வைக் குறைவு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, குருதியிலே தீய கொழுப்பு, புகைத்தல், மதுமிகை, உடற்பருமன், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, மாசடைந்த காற்று என்பன அவை. இவையனைத்தையும் நீக்க முடியுமாயின், மறதிநோயில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கினைத் தடுக்கவோ பிற்படுத்தவோ கூடும் என்பது அவர்கள் துணிபு. எஞ்சிய பெரும்பங்கு இன்னும் எம் கைக்கு எட்டாதது. எட்டுவனவற்றுள் பெரியன செவிப்புலன் இழப்பும் தீய கொழுப்புமே.

என் ஆசிரியர் பத்தாண்டுகளாகச் செவி மந்தமுற்றிருந்தார். செவிக்கருவி அணிவதை இழிவெனக் கருதி மறுத்துவிட்டார். மெல்ல மெல்லச் சபைகளுக்கு வாராதொழிந்தார். அவருடைய நோய்க்கு அதுவே காரணம் என்று கூற யான் வைத்தியனல்லன். ஆயினும் கண்ணாடி அணிதற்கு நாணாத நாம் செவிக்கருவி அணிதற்கு நாணுவதேன் என்னும் வினாவை அவர் மாணவராகிய நாங்கள் அன்றே அவரிடம் கேட்டிருத்தல் வேண்டும். கேட்டிலோம். அது எமது குறை.

இன்னொரு குறை இல்லங்களிலே உள்ளது. அன்பின் மிகுதியால் நாம் முதியோரின் கையிலுள்ள வேலையைப் பறிக்கின்றோம். ‘நீங்கள் இருங்கோ அப்பா, நாங்கள் பார்க்கின்றோம்’ என்கின்றோம். சந்தைக்குப் போகும் பையையும், வீட்டுக் கணக்குக் கொப்பியையும், அம்மாவின் அடுப்படியையும் ஒவ்வொன்றாய் வாங்கிக்கொள்கின்றோம். அவர்கள் ஒரு சொல்லைத் தேடும்போது பொறுக்கமாட்டாது நாமே அதனைச் சொல்லி முடிக்கின்றோம். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகளிலோ நிலைமை வேறு. அங்கே பணம் உண்டு, பணிப்பெண் உண்டு. பேச ஒருவர் இல்லை. திங்கள்தோறும் அனுப்பும் பணத்தோடு, நாள்தோறும் கால்மணி நேரப் பேச்சையும் அனுப்பும்படி அப்பிள்ளைகளை வேண்டுகின்றேன். ‘சாப்பிட்டீர்களா, மருந்து குடித்தீர்களா’ என்பதோடு நில்லாது, ஒரு பழைய கதையைக் கேளுங்கள். ஒரு கணக்கை ஒப்படையுங்கள். ஒரு கருத்தில் அவரோடு மாறுபட்டு வாதாடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மனப்பயிற்சியைப் புகழ்ந்து பேசுவோர், நோயுற்றாரைப் பழிப்போராய் மாறிவிடுதல் கூடும். ‘வாசித்திருந்தால் வந்திராது’, ‘சோம்பியிருந்தார், வந்தது’ என்னும் சொற்கள் உண்மைக்கு மாறானவை, கொடியவையுமாம். ஓயாது கற்றார்க்கும் இந்நோய் வரும். ஒன்றும் கல்லாதார்க்கு வாராதும் போகும். நாம் பேசுவது நிகழ்தகவைப் பற்றியதேயன்றி வினைப்பயனைப் பற்றியதன்று. அவ்வாறே மறதி கண்டவுடன் ‘வயது போனால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுதலும் தவறு. தைரொயிட் சுரப்பியின் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றால் வரும் மறதி, தக்க வைத்தியத்தால் நீங்கத்தக்கது. அறளை என்று பெயரிட்டு மூலையில் இருத்துமுன் வைத்தியரிடம் காட்டுதல் மக்களின் கடன்.

முடிவாக, எம் ஊர் வாசிகசாலைகளுக்கும் கோயிற் பரிபாலகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை முதியோர்க்கென ஒதுக்குங்கள். வந்து கேட்பதற்காகவன்று, வந்து சொல்வதற்காக. ஒருவர் படிக்க, ஒருவர் பயன் சொல்ல, ஒருவர் மறுக்க இடங்கொடுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் சிலரையும் அங்கே அமர்த்துங்கள். அரைக்கூறு கல்வி இருசாரார்க்கும் நிரம்பும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பாயும் விளக்கும் அமையும்.

யான் இப்போது சனிக்கிழமைதோறும் என் ஆசிரியரிடம் செல்கின்றேன். செல்லுந்தோறும் “தம்பி எவ்விடம்?” என்று அவர் கேட்கின்றார். செல்லுந்தோறும் யானும் ஊரைச் சொல்லுகின்றேன். பின்னர் பாடம் தொடங்குகின்றது. யான் வாசிக்க அவர் திருத்துகின்றார். என்னை அறியாதவராயினும் என் பிழையை அறிகின்றார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முகத்திலே அச்சம் இல்லை. நோயை அது போக்காதென்பதை யான் அறிவேன். எனினும் அவரிடம் எஞ்சியுள்ள செல்வம் செலவாகாமற் கிடந்து அழியாது, கொள்வார் ஒருவரிடம் சேர்கின்றது. போன கிழமை பாடம் முடிந்து எழுந்தபோது, “அடுத்த முறை மிச்சத்தைப் பாராமற் சொல்லவேணும்” என்றார். ஆகவே இக்கட்டுரையை இம்மட்டில் நிறுத்திவிட்டுப் பாடத்தை மனனம் செய்யச் செல்கின்றேன்.